பூவா, மாவா

எங்கள் பட்டறைக்கு வருகிற எல்லோரும் கதவைத்தான் பார்ப்பார்கள். கொடி, பிறை, அன்னம் என்று தேக்குப் பலகையில் இயந்திரம் செதுக்கி வைத்ததைக் கையால் தடவுவார்கள், தொலைபேசியில் படம் எடுப்பார்கள். அவர் ஒருவர்தான் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்து, கீழே விழுந்த தூளில் ஒரு சிட்டிகை எடுத்து விரலிடையில் உருட்டிப் பார்ப்பார். பிறகு அந்தக் கையை என் பக்கம் நீட்டிக் கேட்பார்.

"பூவா, மாவா?"

தேங்காய்ப்பூ மாதிரித் துருவலாக விழுந்தால் பூ. கோதுமை மா மாதிரி விழுந்தால் மா. பூ விழுந்தால், இயந்திரத்தில் சுழன்று வெட்டுகிற பிட் மரத்தைச் சரியாகக் கடிக்கிறது. கடித்த சூட்டையும் அந்தத் துருவலே தூக்கிக்கொண்டு வெளியே போய்விடும். மா விழுந்தால் பிட் மரத்தைத் தேய்க்கிறது. தேய்த்தால் சூடு ஏறும், சூடு ஏறினால் மரம் கருகும். இயந்திரத்தை மெதுவாக ஓட்டினால் வேலை சுத்தமாக வரும் என்று முதலாளி நினைத்திருந்தார். தூளைப் பார்க்கிற இவர் வந்து வேகத்தைக் கூட்டினார். முதலாளி பயந்துபோய்ப் பக்கத்தில் நின்றார். அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பூ விழுந்தது.

அவரை நான் காக்கா என்று கூப்பிடுவேன். எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட. ஏறாவூரில் பிறந்து, பதினாறு வருடம் வளைகுடா நாட்டில் பெரிய தளபாடத் தொழிற்சாலை ஒன்றில் இருந்துவிட்டு வந்தவர். கணினியால் ஓடுகிற அந்தச் செதுக்கு இயந்திரத்தை முதலாளி வாங்கி இறக்கியபோது, அதை முழுதாக ஓட்டத் தெரிந்த ஆள் ஊரில் வேறு இல்லை. நான் அதற்கு முன்பே அங்கே இருந்தேன். வந்தாறுமூலையிலிருந்து சைக்கிளில் வருவேன். பலகை தூக்குவேன், தேய்ப்பேன், கூட்டுவேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. நாலு பேருக்கு முன்னால் எனக்கு வாய் வராது. அப்போதும் இல்லை, இப்போதும் பெரிதாக இல்லை.

அவர் வந்த முதல் நாள் இயந்திரத்தை ஒருமுறை சுற்றிவந்தார். பிறகு என் கையில் இருந்த சாமானைப் பார்த்தார். வட்டமான ஒரு தட்டு, சுற்றிவரத் தும்பு வைத்தது. இயந்திரத்தோடு பெட்டிக்குள் வந்திருந்தது. அது எதற்கென்று ஒருவருக்கும் தெரியாததால் மேசை கூட்டுவதற்கு அதை எனக்குத் தந்திருந்தார்கள்.

"இதால நீ என்ன செய்ற?" என்று கேட்டார்.

கூட்டுவதாகச் சொன்னேன். அவர் சிரிக்காமல் அதை வாங்கித் தட்டினார், உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார், பிட்டைச் சுற்றி மாட்டினார், உறிஞ்சும் குழாயின் வாயை அதன் முதுகில் செருகினார். தும்பு பலகையைத் தொட்டுக்கொண்டு நின்றது. இயந்திரம் ஓடத் தொடங்கியபோது, முன்பெல்லாம் நாலு பக்கமும் சிதறுகிற தூள் அந்தத் தும்புக்குள்ளேயே சுழன்று குழாய்க்குள் ஏறிப்போனது. மேசை வெறுமையாகக் கிடந்தது. கூட்ட ஒன்றுமில்லாமல் நான் சும்மா நின்றேன்.

"இது மெஷின்ட பாவாடை. அதுக்கு உடுத்தி விடாம மூணு மாசமா ஓட்டியிரிக்கீங்க" என்றார்.

அன்றிலிருந்து பட்டறையில் அதற்குப் பாவாடை என்றே பெயர். முதலாளியும் அப்படித்தான் சொல்வார். மரம் வாங்க வந்த ஒரு பெரியவர், பாவாடை எங்கே என்று முதலாளி சத்தம் போட்டதைக் கேட்டு வாசலோடு நின்றுவிட்டார்.

பின்னேரம் வேலை முடிந்ததும் நாங்கள் காற்றுக் குழாயைப் பிடித்து ஒருவர் தலைக்கு ஒருவர் அடித்துக்கொள்வோம். தலைமயிரிலும் சட்டையிலும் இருந்த தூள் புகைபோல எழும்பும். அது எங்களுக்கு ஒரு விளையாட்டு. அவர் வந்து இரண்டாம் நாளே குழாயைப் பிடுங்கிவிட்டார். எழுப்பிய தூள் எங்கே போகும் என்று கேட்டார். வெளியே போகும் என்றான் ஒருவன். அப்போதுதான் அவர் வாயிலிருந்து அந்த வசனத்தை முதலில் கேட்டேன். பிறகு நூறு தரம் கேட்டிருப்பேன்.

"தூள் போகாது. ஆருக்கிட்டயாவது போகும்."

தூள் யாரிடம் போகிறது என்று பார்ப்பதுதான் அவருடைய வேலை என்று எனக்குத் தோன்றும். சம்பளம் கதவுக்குக் கொடுத்தார்கள், அது வேறு விடயம். இயந்திரம் ஓடும்போது அவர் கண் பிட்டில் இருக்காது. குழாயைப் பார்ப்பார், கூரைத் தகரத்தில் படிந்ததைப் பார்ப்பார், ஒளிக்கீற்றில் மிதப்பதைப் பார்ப்பார். இடைக்கிடை என் முகத்தையும் பார்ப்பார். நான் ஏதோ பிழை விட்டுவிட்டேன் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொள்வேன்.

அந்தக் குழாய் பிளாஸ்டிக் குழாய். அதன் பக்கத்தால் போனால் கைமயிர் எழும்பி நிற்கும். தொட்டால் சுள்ளென்று அடிக்கும். பலகை அறுக்கிற இருவர் குழாய்க்குள் ஜின் இருக்கிறது என்று முடிவு செய்து, அந்தப் பக்கத்தால் நடப்பதையே விட்டுவிட்டார்கள். ஒருவர் ஓதி ஊதிய தண்ணீர் கொண்டுவந்து தெளிக்கவும் பார்த்தார். காக்கா குழாய் நெடுகச் செப்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டு போய், வெளியே ஒரு இரும்புக் கம்பியை ஈரமண்ணில் அடித்து அதில் முடிந்துவிட்டார். தூள் குழாய்க்குள் உரசி ஓடும்போது மின்சாரம் சேரும், அந்தப் பொறி தூளிலேயே பட்டால் பத்தும் என்று எனக்கு மட்டும் விளங்கப்படுத்தினார். மற்றவர்களிடம், "ஜின்ன மண்ணுக்குள்ள இறக்கிட்டன், இனிப் பயமில்லாம நடங்க" என்றார். அவர்கள் நடந்தார்கள்.

அப்போது எல்லாத் தூளும் பட்டறைக்குள்ளேயே தொங்கிய ஒரு துணிப் பைக்குள்தான் போய்ச் சேரும். பூ பைக்குள் நிற்கும். மா துணியின் கண்ணால் கசிந்து திரும்ப எங்களிடமே வரும். பை எப்போதும் மெல்லிதாகப் புகைவதுபோல இருக்கும். எனக்கு இருமல் இருந்தது. பட்டறையில் எல்லோருக்கும் இருக்கிறதுதானே என்று விட்டுவிட்டேன். பையை வெளியே போடுவோம், இடையில் ஒரு பீப்பா வைத்துப் பூவைத் தனியாகப் பிரிப்போம் என்று காக்கா முதலாளியிடம் இரண்டு தரம் கேட்டார். முதலாளி நல்ல மனிதர். ஆனால் நடக்கிற வேலையை ஏன் நோண்டுவான் என்பது அவர் கொள்கை.

அந்த நாட்களில் சித்தாண்டிப் பக்கத்துக் கோழிப் பண்ணைக்காரர் ஒருவர் எங்கள் தூளைச் சாக்கில் அள்ளிக்கொண்டு போவார், குஞ்சுகளுக்குக் கீழே பரப்ப. ஒருநாள் வெறும் சாக்கோடு வந்து நின்றார். இந்தத் தூள் வேண்டாமாம். மா கூடக் கலந்திருக்கிறதாம், குஞ்சுகள் தும்முகிறதாம், இரண்டு மூன்று மூச்சுவிட ஏலாமல் செத்தும் போயிற்றாம். பூவை மட்டும் பிரித்துத் தந்தால் எடுப்பாராம். முதலாளி பதறிப்போனார். தூள் மலையாகக் குவிந்தால் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? காக்கா முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, பிரிக்கலாம், ஒரு நீலப் பீப்பா இருந்தால் பிரிக்கலாம் என்றார். அடுத்த நாள் பீப்பா வந்தது. கூம்பாக மடித்த தகரத்தை அதன்மேல் பொருத்தினார். காற்று அதற்குள் சுழன்றது, கனமான பூ பீப்பாவில் விழுந்தது, மா மட்டும் மேலே போய், சுவருக்கு வெளியே கட்டிய பையில் சேர்ந்தது. பையைச் சுற்றித் தகரம் அடித்து மறைத்தார், பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் உடுப்புக்குத் தூள் போகாமல்.

ஒரு கிழமையில் பட்டறைக் காற்று வேறாகிவிட்டது. முதலாளி கோழிகளுக்காகத்தான் அதைச் செய்ததாக இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

"கோழியப் பாரு தம்பி. ஒரு தும்மல் தும்மின உடனே ஆள் அனுப்புது. நீ எத்தின வருசமா இருமிக்கிட்டுப் பேசாம இரிக்காய்?" என்றார் காக்கா.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அவருக்கு மணம் தெரியாது என்பது எனக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு வேப்பம் பலகை ஓடியது. வேப்ப மரத்தில் செய்தால் பட்டறையே கசந்து மணக்கும். நான் தேநீர் குடிக்கும்போது, தேத்தண்ணியும் கசக்குது காக்கா என்றேன். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, வேம்பு எப்படி மணக்கும் என்று என்னைக் கேட்டார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். பிறகு மெதுவாகச் சொன்னார். அந்தத் தொழிற்சாலையில் முதல் நாலைந்து வருடம் பாவாடையும் இல்லை, பையும் இல்லை. தேக்கு, பலகைத் தூள், வார்னிஷ், எல்லாம் மூக்கோடுதான். ஒருநாள் அவர்கள் படுக்கிற அறையில் ஒரு அத்தர்க் குப்பி விழுந்து உடைந்ததாம். கூட இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்களாம். அவர் மட்டும் கட்டிலில் இருந்து, ஏன் ஓடுகிறீர்கள் என்று கேட்டாராம்.

"வீட்ட சொல்லல்ல" என்றார். மனைவிக்குத் தெரியாதாம்.

அதனால்தான் பெருநாள் முடிந்தால் வட்டிலப்பம் என்கிற இனிப்பைக் கொண்டுவந்து, நான் ஒரு வாய் வைக்குமுன்பே, ஏலம் கூடிட்டா, கறுவாப் பட்டை போதுமா என்று விசாரிப்பார். நான் சொல்வதை அப்படியே மனதில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார். ஒருமுறை நான் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது அவர் மனைவி எனக்குத் தேநீர் தந்துவிட்டு, அவர் அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து, "ஏலம் சரி எண்டு சொல்லி அனுப்பினது நீங்கதானே தம்பி?" என்று கேட்டார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அவர் மனைவியே சொன்னார், "நீங்களே சொல்லி அனுப்புங்க. நான் தெரியாத மாதிரி இரிக்கன்." அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒருவரிடம் ஒருவர் மறைத்த அந்த விடயம், நடுவில் என் மூக்கில் இருந்தது.

பட்டறையிலும் அவருக்கு நான்தான் மூக்கு. மரம் கருகத் தொடங்கினால் கண்ணில் புகை தெரிவதற்கு முன்பே மணம் வந்துவிடும். சீனி தீய்ந்தமாதிரி ஒரு மணம்.

"மணந்தா சொல்லு தம்பி. சும்மா சந்தேகம் எண்டாலும் சொல்லு. ஒண்ணும் இல்லாட்டி நான் மறுகா திரும்ப ஓட்டுவன்" என்றார்.

நான் ஓம், சொல்றன் என்றேன்.

அது கச்சான் காற்றுக் காலம். வாவிப் பக்கமிருந்து காய்ந்த காற்று பகலெல்லாம் அடிக்கும், பலகை தானாக வெடிக்கும். காத்தான்குடியிலிருந்து ஒரு தாய் தன் தம்பியோடு வந்திருந்தார். எங்கள் பக்கத்தில் மகளுக்குக் கல்யாணம் என்றால் வீடு கட்டிக் கொடுப்பார்கள். அந்த வீட்டின் முன்கதவு செதுக்கப்படுவதை அவர் கண்ணால் பார்க்க வேண்டுமாம். முதலாளிக்குப் பெருமை. தொலைபேசியில் படம் பிடிக்கவும் ஆயத்தமானார். ஆனால் பாவாடை பிட்டை மூடிக்கொண்டு நின்றது. ஒன்றும் தெரியவில்லை. கழற்றச் சொன்னார்.

காக்கா மாட்டேன் என்றார். ஆழமான கொடி வேலை, குழிக்குள்ளேயே தூள் நின்றுவிடும், நின்ற தூளைப் பிட் மறுபடி மறுபடி அரைக்கும் என்றார். முதலாளி, பத்து நிமிடம்தானே, மெஷின் என்னுடையதுதானே என்று சொல்லிக்கொண்டு தானே கழற்றினார். குழாயின் வாய் மட்டும் மேலே தொங்கி அரைகுறையாக உறிஞ்சியது. காக்கா போய், இயந்திரத்தை நிறுத்துகிற சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. இலை இலையாக விரிந்தது. சத்தம் பதிந்துவிடும், ஒருவரும் பேச வேண்டாம் என்று முதலாளி கை காட்டினார். கொஞ்ச நேரத்தில் குழிகளில் தூள் நிறைந்தது. பூவாக விழுந்தது மாவாக மாறியது. அப்போது எனக்கு அந்த மணம் வந்தது. சீனி தீய்ந்த மணம். காக்கா எனக்கு எதிரே, நாலு அடி தூரத்தில் நின்றார். சொல்ல வேண்டியது ஒரு சொல். எனக்குப் பக்கத்தில் அந்தத் தாய், முன்னால் முதலாளியின் தொலைபேசி. வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

அந்த நொடியில் காக்கா பொத்தானை அமத்தினார்.

அந்த இயந்திரத்தை அப்படி நிறுத்தினால் அது தன் இடத்தை மறந்துவிடும். திரும்ப ஓட்டினால் இலை ஒரு பக்கமும் தண்டு ஒரு பக்கமும் விழும். நல்ல தேக்குப் பலகை பழுதாகிப்போனது. முதலாளி கத்தவில்லை. வந்தவர்களுக்கு முன்னால் கத்த முடியாததால் குரலை இறக்கிக் கேட்டார், அது இன்னும் மோசமாக இருந்தது. ஏன் நிறுத்தினாய் என்றார். கருகுது என்றார் காக்கா. முதலாளி மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். சளி பிடித்த மூக்கு. பிறகு என்னைப் பார்த்து, உனக்கு மணந்ததா என்று கேட்டார்.

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. நான் தரையைப் பார்த்தேன். ஓம் என்பது எவ்வளவு சின்னச் சொல். நான் அதைச் சொல்லவில்லை.

"இவருக்கு மணமே தெரியாது, இவர்தான் மணக்குது எண்டு மெஷின நிப்பாட்டுறார்" என்றார் முதலாளி, அந்தத் தாயிடம், பகிடிபோல. அவருக்கு அது எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. காக்காவின் முகம் மாறவில்லை. காதுமட்டும் சிவந்தது.

அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "பீப்பாவில ஒரு கை போடு தம்பி. கருகினது அதுக்குள்ளதான் போயிரிக்கும்."

இருவரும் நீலப் பீப்பாவைத் தூக்கி வெளியே கொண்டுபோய் மணலில் கவிழ்த்தோம். மண்ணிறக் குவியல். கையை வைத்தால் கொஞ்சம் இளஞ்சூடு, அவ்வளவுதான். பலகை அறுக்கிறவர்கள் வாசலில் நின்று சிரித்தார்கள். முதலாளி காக்காவிடம், நாளைக்கு வரத் தேவையில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போகத் திரும்பினார். காக்கா போகவில்லை. குவியலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். நானும் நின்றேன்.

கச்சான் ஒருமுறை இழுத்து அடித்தது. குவியலின் ஒரு பக்கம் சரிந்தது. உள்ளே, தேங்காய்ப் பாதியளவில், சிவப்பு. காற்று நின்றதும் கறுத்தது. மறுபடி அடித்ததும் மறுபடி சிவந்து, விரிந்து, நீலமாக ஒரு சின்னச் சுவாலை எழும்பி மடங்கியது.

வாசலில் நின்றவர்களில் முதலில் கண்டது அந்தத் தாய்தான். அவர் குவியலைப் பார்த்தார். பிறகு திரும்பி, அடுக்கி வைத்த பலகைகளையும் வார்னிஷ் வாளிகளையும் நாங்கள் எட்டுப் பேர் வேலை செய்கிற தகரக் கொட்டிலையும் பார்த்தார்.

"என்ட புள்ளட கதவு பிந்தி வந்தாலும் காரியமில்ல. அந்தப் பாவாடையப் போடுங்க" என்றார்.

தண்ணீர் வாளியை முதலாளிதான் ஓடிப்போய் எடுத்துவந்தார். நாளைக்கு வரத் தேவையில்லை என்ற பேச்சை அதற்குப் பிறகு ஒருவரும் எடுக்கவில்லை. பாவாடையையும் ஒருவரும் கழற்றவில்லை. அடுத்த நாள் காலையில் நான் பட்டறைக்குள் நுழையக் கால் கூசி வாசலில் நின்றேன். அவர் குந்தியிருந்து ஒரு சிட்டிகை எடுத்து என் பக்கம் நீட்டினார். "பூவா, மாவா?" அவ்வளவுதான். பூ என்றேன்.

மணமே தெரியாத மனிதன் எப்படிக் கண்டுபிடித்தார் என்று பட்டறையில் நெடுநாள் பேச்சாக இருந்தது. தூளின் நிறத்தை வைத்து என்றான் ஒருவன். பிட்டின் சத்தம் என்றான் இன்னொருவன். பொத்தானுக்குப் பக்கத்தில் ஜின் நின்றது என்றும் ஒரு கதை. அவரிடம் கேட்டால் சிரிப்பார்.

மூத்தவளுக்குக் கட்டியதுபோலக் காக்கா தன் இரண்டாவது மகளுக்கும் வீடு கட்ட வேண்டியிருந்தது. அவர் மறுபடி வெளிநாடு போனார். இப்போது அவர் இருக்கிற இடத்தில் எல்லா இயந்திரத்துக்கும் பாவாடை இருக்கிறதாம், அவர்தான் பொறுப்பாம். வெள்ளிக்கிழமை அங்கே லீவு. அன்றைக்குப் பின்னேரம் எனக்குத் தொலைபேசி எடுப்பார். சுகம் கேட்பதற்கு முன்பே பூவா மாவா என்று கேட்பார். பிறகு, இன்றைக்கு என்ன மரம், எப்படி மணக்குது என்று கேட்பார். நான் சொல்வேன். மகோகனி என்றால் தும்மல் வரும், கொஞ்சம் மிளகு மாதிரி. பலா என்றால் மஞ்சள் அவித்த மாதிரி. முதலில் இரண்டு சொல்லோடு நிற்பேன். இப்போது கால் மணி நேரம் பேசுகிறேன். என் மனைவி சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்ப்பாள், யாரிடம் இந்த மனுசன் இவ்வளவு கதைக்கிறார் என்று.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பட்டறையில் வேலை கூடி நான் வீட்டுக்குப் போகவில்லை. அங்கேயே எடுத்தார். வாசலில் நின்று பேசினேன். அந்த மணல் எனக்கு முன்னால் கிடந்தது. என்னவோ வந்தது, சொல்லிவிட்டேன்.

"அண்டைக்கு எனக்கு மணந்தது காக்கா. நான் சொல்லல்ல."

அந்தப் பக்கம் அவர் எழும்பிப் போய்க் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"தெரியும்" என்றார். "உன்ட மூக்கு சுருங்கினதப் பாத்துத்தானே நான் பொத்தான அமத்தினன்."

வெளிநாட்டுத் தூளில் தன் மூக்கைத் தொலைத்த மனிதர், அத்தனை நாளும் இயந்திரத்துக்கு அந்தப் பக்கம் நின்று என் முகத்தைப் பார்த்ததை நினைத்துக்கொண்டு நின்றேன். அவர் என்னை அப்படி நிற்க விடவில்லை.

"சரி, இண்டைக்கு என்ன மரம், அதச் சொல்லு" என்றார்.

உள்ளே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி நின்று மூச்சை இழுத்தேன்.

"வேம்பு, காக்கா" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லியிருக்க வேண்டும். பலகை அறுக்கிறவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.